பல்லைத் தாங்குற எலும்பை மருந்தால வளர்க்குறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

பல்லு ஆடுதுன்னு வர்றவங்கள்ல நிறைய பேர் இப்பல்லாம் நாற்காலில உக்காரும்போதே "ஏதோ ஜெல் இருக்காமே டாக்டர், அதை வச்சா போன எலும்பு திரும்ப வந்துடுமாமே"ன்னுதான் பேச்சை ஆரம்பிக்கிறாங்க. ஜெல் இருக்குறது உண்மைதான், சரியான இடத்துல வச்சா வேலை செய்யுறதும் உண்மைதான், ஆனா அது எங்க வேலை செய்யும் எங்க செய்யாதுன்னு தெரியாம ஆசைப்பட்டு ஏமாந்து போறவங்கள பாத்து பாத்து மனசு கஷ்டமாயிருக்கு, அதான் உக்காந்து எழுதறேன்.

பல்லு எலும்புக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி நிக்கல. வேர் மேல சிமென்ட்டம்னு ஒரு மெல்லிசான படலம், வெளிய தாடை எலும்பு, ரெண்டையும் கட்டிப் பிடிக்குற நார், அந்த நார் இருக்குற இடைவெளியே கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர்தான். ஈறு நோய் முத்தினா இது மூணும் அழிஞ்சு போயிடும். அதுக்கப்புறம் நல்லா கிளீன் பண்ணி விட்டா ஈறு ஆறும், ஆனா ஈறோட மேல்தோல் செல்லு இருக்கே அதுதான் எல்லாத்தையும் விட வேகமா இறங்கி வந்து வேரை மூடிக்கும், பாக்க ஆறின மாதிரி இருக்கும் உள்ள நாரும் இருக்காது எலும்பும் இருக்காது. எந்த செல்லு முதல்ல வேர் மேல போய் உக்காருதோ அதை வச்சுதான் எப்படி ஆறும்னு முடிவாகும்னு 1976லயே மெல்ச்சர்னு ஒருத்தர் எழுதி வச்சாரு. இப்ப இருக்குற மருந்தெல்லாம் அந்த ஓட்டத்துல நாருக்கும் எலும்புக்கும் உரிய செல்லை கூப்பிட்டு முன்னாடி விடுற வேலையைத்தான் பண்ணுது. மருந்து தானே எலும்பா மாறாது, கூப்பிட மட்டும்தான் செய்யும், கூப்பிட்டா வர பக்கத்துல உயிருள்ள நாரும் எலும்பும் இருக்கணும்.

இது புரிஞ்சாலே முதல் தப்பு என்னன்னு தெரிஞ்சுடும். எக்ஸ்ரேல எலும்பு குறைஞ்சிருக்குன்னாலே ஜெல் வைக்கலாம்னு நினைக்கிறது. எல்லா பல்லுலயும் ஒரே மட்டமா எலும்பு இறங்கியிருந்தா அதை மேல தூக்கி வளர்க்குற மருந்து இன்னைக்கு தேதிக்கு இல்ல, யாராவது வளத்துத் தர்றேன்னு சொன்னா ரெண்டாவதா ஒரு ஈறு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கேட்டுக்கங்க. ஒரு பல்லை ஒட்டி மட்டும் கிணறு மாதிரி குழி விழுந்திருக்கணும், ஆழம் 3 மில்லிமீட்டருக்காவது இருக்கணும், குழி குறுகலா சுத்தி மூணு பக்கமும் எலும்புச் சுவரோட இருந்தா ரொம்ப நல்லது. கடவாப் பல்லுல ரெண்டு வேர் பிரியுற இடத்துல பாதி வரைக்கும் ஓட்டை போயிருந்தா முயற்சி பண்ணலாம், இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் தொறந்துடுச்சுன்னா பலன் கிடைக்குறது ரொம்ப கஷ்டம்.

அடுத்தது அவசரம். டீப் கிளீனிங் முடிச்சு சில வாரம் விட்டு திரும்ப அளந்து பாக்காமலே நேரா சர்ஜரிக்குப் போறது. சீழும் ரத்தக் கசிவும் இருக்குற இடத்துல எந்த மருந்த வச்சாலும் வீண். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விழுந்த பள்ளத்த பாக்கெட்னு சொல்லுவோம், கிளீனிங்லயே சில பாக்கெட் மூடிக்கும், அதுக்கு சர்ஜரியே தேவைப்படாது. வீட்ல பல்லு நடுவுல சுத்தம் பண்ற பழக்கம் வரலன்னா நான் சர்ஜரி தேதியே குடுக்க மாட்டேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

பேர் குழப்பம் இன்னொரு பெரிய பிரச்சனை. டாக்சிசைக்ளின் 20 மில்லிகிராம் மாத்திரை ஈறு நோய்க்கு 1998லேருந்து இருக்கு, அது நாரை அரிக்குற என்சைம அடக்கும், போன எலும்ப கொண்டு வராது. பாக்கெட்டுக்குள்ள வைக்குற ஆன்டிபயாட்டிக் பொடியும் அதே கதைதான், கிருமிய குறைக்கும் அவ்வளவுதான். ஜப்பான்ல பல்லே முளைக்க வைக்குற மருந்து சோதனைல இருக்குன்னு செய்தி வந்ததே, அது பிறவிலேருந்தே முளைக்காத பல்லுக்கு, ஆடுற பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கொழுப்ப குறைக்குற ஸ்டாட்டின் மாத்திரைய ஜெல்லாக்கி பாக்கெட்ல வைக்குறதும் ஆராய்ச்சில நல்லாத்தான் பேசப்பட்டுச்சு, ஆனா ஐரோப்பிய ஈறு மருத்துவ சங்கம் 2020ல போட்ட வழிகாட்டுதல்ல அதை வேணாம்னுட்டாங்க. உண்மையிலயே வளர்க்குற வகைன்னா பன்னியோட வளர்ற பல்லுலேருந்து எடுக்குற எனாமல் புரத ஜெல் எம்டோகெய்ன், 2005ல அமெரிக்கால அனுமதி வாங்கின பிடிஜிஎஃப்ங்குற செல்லை வளரத் தூண்டுற புரதம், 2016ல ஜப்பான்ல அனுமதி வாங்கின அதே மாதிரி இன்னொரு புரதம் டிராஃபெர்மின், இந்த மூணும்தான் முக்கியமானது. எலும்பு தேய்மானத்துக்குப் போடுற டெரிபாராடைட் ஊசியை 2010ல வந்த ஒரு ஆய்வுல 40 பேர வச்சு பாத்தாங்க, சர்ஜரியோட சேத்து 6 வாரம் தினம் ஊசி, குழி நிரம்புறது ஊசி போட்டவங்களுக்குத்தான் அதிகம். அதைப் படிச்சுட்டு தானா ஊசி வாங்கிப் போட்டுக்கலாமான்னு கேக்குறாங்க, தயவு செஞ்சு வேணாம், இந்த வேலைக்குன்னு அதுக்கு அனுமதி கிடையாது. பிஎம்பி-2னு ஒரு புரதம் எலும்ப நல்லா வளர்க்கும், ஆனா வேர் பக்கத்துல வச்சா நார் இல்லாம எலும்பும் வேரும் நேரா ஒட்டிப் போயிடுற ஆபத்து விலங்கு ஆய்வுகள்ல தெரிஞ்சிருக்கு. எலும்பு மட்டும் வளந்தா போதும்னு நினைக்கிறது எவ்வளவு தப்புன்னு இதுலயே தெரியும்.

சர்ஜரில ஜெல் வைக்குற அந்த நேரத்த கொஞ்சம் கிட்டக்க பாருங்க. ஈறைத் தொறந்து, குழிக்குள்ள இருக்குற சதைய சுரண்டி, வேர்ல ஒட்டின கல்லை எடுத்து, வேரோட மேல்பரப்ப சுத்தம் பண்ற ஈடிடிஏங்குற 24 சதவீத ரசாயன ஜெல்ல 2 நிமிஷம் வேர் மேல வச்சு கழுவுவோம். வேர் மஞ்சளா சுத்தமா தெரியும். அப்பதான் எனாமல் புரத ஜெல்ல குழியோட அடிலேருந்து மேல வரைக்கும் வேரை ஒட்டி விடணும், அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு ரத்தம் வேர் மேல வழிஞ்சுடுச்சுன்னா ரத்தப் புரதம் முதல்ல ஒட்டிக்கும், ஜெல்லுக்கு இடம் இருக்காது. அவசர அவசரமா ரத்தத்துக்கு நடுவுல ஜெல்ல பீச்சிட்டு தையல் போடுறதுதான் எங்க பக்கம் நடக்குற பெரிய தப்பு. திரும்பக் கழுவி வைக்க பொறுமை வேணும்.

உங்க பக்கம் நடக்குற தப்பு வீட்டுக்குப் போனப்புறம். ஒரு அம்மா தினம் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு உதட்ட நல்லா மேல இழுத்து, போன் டார்ச் அடிச்சு தையல் எப்படி இருக்குன்னு பாத்துட்டே இருந்திருக்காங்க, நாலாவது நாள் தையல் ஓரம் விட்டுப் போச்சு. குழிக்குள்ள உறைஞ்ச ரத்தம் அசையாம இருந்தாத்தான் உள்ள நார் வளரும், உதட்ட இழுத்தா அந்த உறைவு வேர்லேருந்து பிரிஞ்சுடும், மேல்தோல் செல்லு அந்த சந்துல இறங்கிடும். அவங்க மேல எனக்கு கோவமே வரல, உதட்ட இழுக்காதீங்கன்னு நான்தான் தெளிவா சொல்லியிருக்கணும். அந்த இடத்துல சில வாரம் பிரஷ் படக்கூடாது, கிருமிய கொல்லுற குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொப்பளிச்சா போதும், சொன்ன நாளுக்கு முன்னாடி நல்லாயிடுச்சுன்னு நினைச்சு தேய்க்க ஆரம்பிக்காதீங்க. அதே மாதிரி 6 மாசத்துக்கு முன்னாடி அந்த பாக்கெட்ட யாரும் அளவுகோல் விட்டு அளக்கக்கூடாது, வேற டாக்டர்கிட்ட போனாலும் சொல்லிடுங்க.

சிகரெட் பத்தி சுத்தி வளைச்சு பேச முடியல. புகை பிடிக்குறவங்களுக்கு இதே ஜெல், இதே கை, ஆனா பலன் கம்மி, முன்னாடியும் நிறுத்தணும் பின்னாடியும் நிறுத்தணும். சுகர் கட்டுப்பாட்ல இல்லாதவங்களுக்கும் அப்படித்தான், மூணு மாச சராசரிய பாத்துட்டுதான் தேதி.

அப்புறம் மறைக்குறது. வாய்ல புத்துநோய் இருந்து சரியானவங்களுக்கு டிராஃபெர்மின் போடக்கூடாது, செல்லை வளரத் தூண்டுற மருந்து அது. எலும்பு தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்குறவங்க தாடை எலும்ப தொறக்குறதுக்கு முன்னாடி கட்டாயம் சொல்லணும். பன்னிலேருந்து வர்றது வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு அத சொல்ல உரிமை இருக்கு, கேக்காமலே சொல்ல வேண்டியது டாக்டர் கடமை.

ஒரு வருஷம் கழிச்சு எக்ஸ்ரே எடுக்கும்போது பழைய படத்த கையோட கொண்டு வாங்க, அதே கோணத்துல எடுத்து பக்கத்துல வச்சு பாத்தாத்தான் குழி உண்மையிலயே நிரம்பியிருக்கா இல்ல படம் சாஞ்சு எடுத்ததால அப்படித் தெரியுதான்னு சொல்ல முடியும். அதுவரைக்கும் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கிளீனிங்குக்கு வந்துடுங்க, வலி இல்லன்னு விட்டுடாதீங்க, ஈறு நோய் முதல் தடவை வந்தப்பவும் வலிக்கல இல்லையா.