நீல இன்ஹேலர் மட்டும் போதுமா? ஆஸ்துமாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்துமாக்காரர்கள் பையிலேயே வைத்துக்கொண்டு அலையும் நீல இன்ஹேலரில் இருப்பது பெரும்பாலும் சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிப்போனால் வீசிங் வருகிறது. அந்தத் தசையில் பீட்டா-2 என்னும் ஏற்பிகள் உண்டு. மருந்து அவற்றில் போய் ஒட்டியதும் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. சில நிமிடங்களில் மூச்சு லேசாகும். 4 முதல் 6 மணி நேரம் தாங்கும்.

ஏமாறுவதும் இந்த வேகத்தைப் பார்த்துத்தான். தசை இறுகுவதோடு, குழாயின் உட்சுவர் வீங்கி சளி கட்டுவதும் ஆஸ்துமாதான். அந்த வீக்கத்தைச் சால்பியூட்டமால் குறைப்பதில்லை. அதற்குத்தான் டாக்டர் ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதுகிறார். நாமோ மூச்சு சரியானதும் அதை அலமாரியில் வைத்துவிட்டு நீலத்தை மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறோம். வீக்கம் உள்ளே வளர்கிறது, பஃப்பின், அதாவது ஒவ்வொரு முறையும் அழுத்தி இழுப்பதன், எண்ணிக்கையும் கூடவே ஏறுகிறது. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் போன்றவற்றை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று 2019-இல் சொல்லிவிட்டது. 200 பஃப் கொண்ட நீல இன்ஹேலர் வருடத்துக்கு மூன்று தீர்கிறதென்றால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம்.

‘இன்ஹேலர் பழகிவிடும், மாத்திரையே கொடுங்க டாக்டர்’ என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பஃப் என்பது 200 மைக்ரோகிராம். மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது பத்து, இருபது மடங்கு. அதுவும் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத் தாமதமாகத்தான் நுரையீரலுக்கு வரும். கை நடுக்கமும் படபடப்பும் அதில்தான் அதிகம்.

சரி, இன்ஹேலரையாவது ஒழுங்காக அடிக்கிறோமா? வாயைத் திறந்து வாசனைத் திரவியம் மாதிரி பீய்ச்சிக்கொள்பவர்களே அதிகம். மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். முதலில் குலுக்க வேண்டும். மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். இழுத்ததும் பத்து விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அடுத்த பஃப் அரை நிமிடம் கழித்து. கையும் மூச்சும் ஒத்துவராவிட்டால், இன்ஹேலரின் வாயில் மாட்டும் குழாய் போன்ற ஸ்பேசர் வாங்குங்கள். அது குழந்தைகளுக்கு மட்டுமானது என்பது வீண் கூச்சம். பவுடர் இன்ஹேலருக்கு முறை நேர்மாறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இல்லையென்றால் வாயில் பூஞ்சை வரலாம்.

குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதை நம்பாதீர்கள். எண்ணிக்கை காட்டும் இன்ஹேலரே நல்லது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து. இது பீட்டா ஏற்பிகளையே அடைப்பதால், சொட்டுதானே என்று விட்ட இடத்தில் வீசிங் கிளம்பலாம். கண் டாக்டரிடம் ஆஸ்துமா இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீல இன்ஹேலர் அடித்தும் மூச்சுத்திணறல் தணியவில்லை, ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை ஸ்பேசர் வழியாகப் பஃப் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். படுக்க வைக்காமல் உட்கார வைத்திருங்கள்.