ஆற்றோரக் கூடாரமும் வேறு சில தவறுகளும்

போன பள்ளி விடுமுறையில் கெடாவின் குனோங் ஜெராய் மலை அடிவாரத்தில் ஒரு தம்பியைப் பார்த்தேன். கோலாலம்பூரிலிருந்து தனியாகக் கார் ஓட்டி வந்தவர். ஆற்றோரக் கூழாங்கல் திட்டில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார். "மேட்டுக்கு வாங்க தம்பி" என்றேன். "மழையே இல்லையேண்ணே" என்றார். பட்டர்வொர்த்திலிருந்து முதன்முதலாகத் தனியாகக் கிளம்பிய வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தனியாகக் கார் எடுத்துக் கிளம்புகிற உங்களுக்கு டோல் கார்டு, டயர் காற்று எல்லாம் தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்வதைச் சொல்கிறேன்.

கூழாங்கல் திட்டு

அது கரை இல்லை, ஆற்றின் படுக்கை. ஜெராய் 1,217 மீட்டர் உயரம், சமவெளியில் தனியாக நிற்கிற மலை. உச்சியில் கொட்டும் மழை செங்குத்தான ஓடைகளில் சீக்கிரமே கீழே வந்துவிடும். அப்போது அடிவாரத்தில் நட்சத்திரம்கூடத் தெரியலாம். மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். 2021 ஆகஸ்டில் ஜெராய் அடிவாரத்து யான் பக்கம் இப்படி இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது.

நான் முதன்முதலாகத் தனியாகப் போன அந்த வருஷம், இப்படியொரு திட்டில் படுத்திருந்த இரவு, சத்தம் மாறியதில்தான் விழித்தேன். சலசலப்பு போய், லாரி இறக்கத்தில் வருகிற மாதிரி ஓர் உறுமல். டார்ச் அடித்தால் தண்ணீர் தே தாரிக் பால் தேநீர் நிறத்தில் கூடார வாசலில் நிற்கிறது. வெறுங்காலோடு கரை ஏறினேன். கூடாரம், அடுப்பு, மூன்று நாள் எடுத்த படங்களோடு கேமரா, எல்லாம் போயின. கார் மேட்டில் பத்திரமாக நின்றது. சாவி கூடாரத்துக்குள் இருந்தது. மாற்றுச் சாவி கொண்டுவர ஆளில்லை. இழுவை லாரிக்கும் புதுச் சாவிக்கும் ஆயிரம் வெள்ளிக்கு மேல் போயிற்று. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

கூடாரம் அடிக்கும் முன் சுற்றியுள்ள புதர்களைப் பாருங்கள். காய்ந்த சருகும் குச்சியும் இடுப்பளவில் சிக்கியிருந்தால், தண்ணீர் அந்த உயரம் வந்திருக்கிறது. தெளிந்த ஓடை திடீரென்று கலங்கினால், இலைகள் கூட்டமாக மிதந்து வந்தால், பொருளை எடுக்க நிற்காமல் ஏறுங்கள். கூட்டமாகப் போனால் யாராவது ஒருவர் எழுப்புவார். தனியாகப் போகிறவரை எழுப்ப ஆளில்லை.

அதே மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. 1960இல் மறுபடி எடுத்துக் கட்டிய பழைய கருங்கல் கோயில். ஓடை பக்கத்திலேயே ஓடுகிறது. கோயில் அதற்கு மேலே, மேட்டில். கட்டியவர்கள் அந்த ஓடையை அறிந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மலைச்சரிவின் அடி

ஆற்றுக்குப் பயந்து இங்கே போய்ப் படுக்காதீர்கள். 2022 டிசம்பரில் சிலாங்கூர் பத்தாங்காலி முகாம் மண்சரிவில் இறந்தவர்கள் 31 பேர்.

கெல்லி மாளிகையோடு திரும்புவது

பத்து காஜாவில் பலர் மாளிகையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்துத் தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் இறந்ததோடு நின்றுபோன கட்டடம் அது. அங்கே உழைத்த நம் ஆட்களுக்காகக் கட்டிய மாரியம்மன் கோயில் பக்கத்தில்தான். கூரைமேல் சாமி சிலைகளோடு துரையும் நிற்கிறார். அப்புறம் ஈப்போ போகலாம்.

குரங்கு

சாப்பாடு காருக்குள்.

சாவி

காற்சட்டைப் பையில். தூங்கும்போதும்.