சவர்டோ பிரெட்: கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள்

சவர்டோ என்பது கடை ஈஸ்ட் இல்லாமல், தானாகப் புளித்த மாவைக் கொண்டு எழும்பும் பிரெட். அந்த ஆசை பலருக்கு ஸ்டார்ட்டரின், அதாவது அதற்கான புளித்த தாய்மாவின், நான்காம் நாளிலேயே முடிந்துவிடுகிறது. மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து வைத்தால் இரண்டாம் நாளே பொங்கும். அது பெரும்பாலும் ஈஸ்ட்டின் வேலை அல்ல, மாவிலுள்ள பாக்டீரியாக்கள் விடும் வாயு. அதை நம்பி பிரெட் போட்டால் செங்கல்தான் கிடைக்கும். புளிப்பு ஏறியதும் அந்த பாக்டீரியாக்கள் ஒடுங்கும், ஸ்டார்ட்டரும் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். ஈஸ்ட் தலையெடுப்பதே அந்தப் புளிப்பில்தான். தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேர்த்து வாருங்கள். ஓரிரு வாரத்தில், மாவு போட்ட சில மணி நேரத்திலேயே இரு மடங்காக எழும்பும்.

அப்புறம் தினமும் இரண்டு வேளை மாவு போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு பிரெட் போடும் வீட்டுக்கு ஃப்ரிட்ஜில் 50 கிராம் ஸ்டார்ட்டர் தாராளம். மேலே கருப்பாகத் தண்ணீர் நின்றால் அதற்குப் பசி, அவ்வளவுதான். ரோஸ், ஆரஞ்சு நிறமோ பூஞ்சையோ தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு நேரத்தை நம்புவதுதான். ஸ்டார்ட்டர் சேர்த்துப் பிசைந்த மாவை ஆறு மணி நேரம் புளிக்க விடச் சொல்லும் பல செய்முறைகள் 24 டிகிரி சமையலறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சென்னையில் மே மாதம் 33 டிகிரியில் அதே ஆறு மணி நேரம் விட்டால் மாவு தொளதொளத்து, கையில் ஒட்டி, இழுத்தால் கிழியும். வெயில் காலத்தில் இட்லி மாவை எப்போது ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவது என்று தெரிந்த கைக்கு இதுவும் பிடிபடும். பிசைந்த மாவில் ஓர் உருண்டையைச் சின்னக் கண்ணாடி டம்ளரில் அமுக்கி, அதன் மட்டத்தில் ரப்பர் பேண்டு மாட்டி, மாவுப் பாத்திரத்தின் பக்கத்திலேயே வையுங்கள். அது பாதியளவு கூடியதும் மாவை உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். குளிரும் வரை அது உள்ளே இன்னும் கொஞ்சம் எழும்பும். வெயில் நாளில் ஐஸ் தண்ணீரில் பிசைந்து, ஸ்டார்ட்டரையும் பாதியாகக் குறைத்தால் அவசரமே இருக்காது.

ஃப்ரிட்ஜில் வைத்ததை மறுநாள் காலையிலோ மாலையிலோ உங்கள் வசதிப்படி சுடலாம். வெளியே எடுத்து வைத்துக் காத்திருக்க வேண்டாம். சுடும் முன் மேலே பிளேடால் போடும் கீறல் குளிர்ந்த மாவில்தான் சுத்தமாக விழும்.

வீடியோவில் மாவின் எடையில் 80 சதவீதம் தண்ணீர் ஊற்றுகிறார்களே என்று நம் மைதாவிலும் ஊற்றாதீர்கள். அதில் பொதுவாகப் புரதம் குறைவு, அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. 500 கிராம் மைதாவுக்கு 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு என்று தொடங்குங்கள். மில்லில் அரைத்த கோதுமை மாவு கலந்தால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

சுடும்போது நீராவி வேண்டும். சூடேற்றிய கனமான இரும்புப் பாத்திரத்தில் வைத்து மூடி 230 டிகிரியில் 25 நிமிடம், பிறகு மூடியை எடுத்து நன்றாகச் சிவக்கும் வரை. வெந்ததும் கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறட்டும். உள்ளே ஸ்டார்ச் இன்னும் இறுகவில்லை. சூட்டோடு அறுத்தால் நன்றாக வெந்த பிரெட்டும் கத்தியில் பசையாக ஒட்டும்.