பயங்கரவாதமும் பொதுப்பணியும்: மாணவர்முன் பேசக் காவல் அதிகாரியை அழைக்கும் ஆசிரியர்களுக்கு

கல்லூரியில் இப்படியொரு சிறப்புரைக்கு முதலில் நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மே 21, ராஜீவ் காந்தி 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட நாள். நாடு அதைப் பயங்கரவாத எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. ஆனால் அப்போது நம் கல்லூரிகளில் பெரும்பாலும் கோடை விடுமுறை. அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள் என்பதால் அன்று அதிகாரிகளுக்கே நிகழ்ச்சிகள் இருக்கும். எனவே நவம்பர் 26-ஐப் பரிந்துரைக்கிறேன். 2008-இல் மும்பை தாக்கப்பட்டதும், 1949-இல் அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டதும் அதே தேதியில்தான். பயங்கரவாதத்தை எதிர்க்கும் அரசும் சட்டத்துக்குள் நின்றே எதிர்க்க வேண்டும் என்பதை மாணவர்முன் வைக்க இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

கல்லூரி முதல்வரின் கையெழுத்துடன் மாநகரக் காவல் ஆணையருக்கோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள். பெரிய பதவியில் இருப்பவர்தான் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். களத்தில் நின்ற ஆய்வாளர் ஒருவரின் பேச்சு மாணவர்களை எளிதில் எட்டுகிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கடைசி நேரத்தில் பந்தோபஸ்து வந்துவிட்டால் யார் வருவார் என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.

உரைக்கு ஒரு வாரம் முன்பு மாணவர்களிடம் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேள்விகளை வாங்குங்கள். பெயர் இல்லாதபோதுதான் உண்மையான கேள்விகள் வரும். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பிணை கிடைப்பது ஏன் அவ்வளவு கடினம், விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் குற்றமற்றவர் என்று தெரிந்தால் அவர் இழந்த பெயரை யார் மீட்டுத் தருவார், சக ஊழியர் இறந்த மறுநாளும் வேலைக்குப் போவது எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். அவற்றை மென்மையாக்காமல் அதிகாரிக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். விசாரணையில் உள்ள வழக்குகளைப் பற்றி மட்டும் அவரால் பேச இயலாது என்பதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு கோயம்புத்தூரைத் தொடாமல் போகாது. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1997 நவம்பரில், பணியிலிருந்த காவலர் ஒருவர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் இஸ்லாமியர் பலர் உயிரிழந்ததும் அந்த வரலாற்றின் பகுதிகள். 1997-ஐச் சொல்லாமல் 1998-ஐ மட்டும் சொன்னால் வரலாறு குறைபட்டுப்போகும். எதைச் சொன்னாலும் குண்டு வைத்ததற்கு அது நியாயமாகிவிடாது. இரண்டையும் சொல்லுமாறு அதிகாரியிடம் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சமூகத்தின் பெயரும் பயங்கரவாதமும் ஒட்டிக்கொண்டு ஒரே சொற்றொடரில் வரும்போது அரங்கில் சில மாணவர்கள் தலை குனிவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் இழந்த நம்பிக்கையை அந்த ஆண்டு முழுதும் எங்களால் மீட்க முடியவில்லை.

பொதுப்பணி என்றால் என்னவென்று விளக்க மும்பைக் காவல் துறையின் உதவித் துணை ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளேவைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். 2008 தாக்குதலின்போது கிர்காவ் சௌபாட்டி கடற்கரைப் பகுதியில் கையில் லத்தி மட்டுமே இருந்த அவர், தாக்கியவர்களில் ஒருவனான அஜ்மல் கசாபின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டு, குண்டுகளைத் தம் உடலில் வாங்கினார். அதனால்தான் கசாபை உயிருடன் பிடிக்க முடிந்தது. வழக்கும் சாட்சியமும் தீர்ப்பும் நீதிமன்றத்தின் வழியே வந்தன. அவருக்கு மறைவுக்குப் பின் அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது. வீரத்தோடு நின்றுவிடாமல், நீதிமன்றத்துக்கு அவர் திறந்துவிட்ட வழியையும் மாணவர்கள் உணருமாறு சொல்ல வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடியவற்றுக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பையைத் தொடாமல் விலகி, மற்றவர்களையும் விலக்கி, 112-ஐ அழைக்க வேண்டும். தாக்குதல் நடக்கும்போது காவலர் நடமாட்டத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்பக் கூடாது. மும்பைத் தாக்குதலின் தொலைக்காட்சி நேரலை, எல்லைக்கு அப்பாலிருந்து தாக்குதலை இயக்கியவர்களுக்கு உதவியதை உச்ச நீதிமன்றம் 2012 தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தது. அன்று தொலைக்காட்சியிடம் இருந்த அந்தப் பொறுப்பு இன்று ஒவ்வொரு மாணவரின் கையிலும் இருக்கிறது.

பணியில் சேரும் வழிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: காவலர், உதவி ஆய்வாளர் பணிகளுக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், துணைக் கண்காணிப்பாளருக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வு, இந்தியக் காவல் பணிக்கு மத்தியத் தேர்வாணையம்.

வரவேற்புரையையும் பொன்னாடையையும் ஐந்து நிமிடத்தில் முடித்து, உரைக்கு முப்பது நிமிடமும் கேள்விகளுக்கு அதற்குக் குறையாத நேரமும் கொடுங்கள். நேரமின்றி விடுபட்ட சீட்டுகளை அதிகாரியிடமே கொடுத்தனுப்பி, பதில் வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.