பிள்ளைக்கும் சேர்த்துக் கார் வாங்குங்கள்: சிட்னிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வாடகை வீடு கிடைத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு எல்லோரும் செய்கிற அடுத்த காரியம் ஒரு பழைய கார் வாங்குவது. தூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் வந்து சேரும் நம் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை இருக்கிறதா என்பதுதான். இருந்தால், இன்னும் இரண்டு வருடத்தில் அந்தக் கார் அந்தப் பிள்ளையின் கைக்கும் போகும். நியூ சவுத் வேல்ஸில் இளம் ஓட்டுநர் எப்படி ஓட்டவேண்டும் என்பதற்கு மட்டுமல்ல, எந்தக் காரை ஓட்டலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். வந்த புதிதில் ஒரு பழைய டர்போ கார் (இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டிச் சக்தியைக் கூட்டும் வகை) வாங்கினோம். விலையும் நியாயம், ஓடிய கிலோமீட்டரும் குறைவு. விற்றவர் என் மகனின் தோளைத் தட்டி, “இன்னும் கொஞ்ச நாளில் நீயே ஓட்டலாம்” என்றார். மகன் டிரைவிங் டெஸ்டில் பாஸாகி, புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் காரில் மாட்டவேண்டிய சிவப்பு பி பிளேட்டை (P எழுத்துப் பலகை) முன்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தபோது, கூட வந்த நண்பன், “அங்கிள், இந்தக் காரை இவன் எடுக்கக்கூடாதே” என்றான். போனில் தேடிக் காட்டினான். உண்மைதான். மாட்டிய பிளேட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாசலில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் காரை விற்று வேறு வாங்கியதில் நல்ல நஷ்டம்.

கணக்கு இதுதான். காரின் இன்ஜின் சக்தியைக் கிலோவாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளும் சாமானும் ஏற்றாத வெற்று எடையை டன்னில் எடுத்துக்கொள்ளுங்கள். சக்தியை எடையால் வகுத்து வருவது 130-ஐத் தாண்டினால், பி பிளேட்டில் இருப்பவர் அதை ஓட்டக்கூடாது. 125 கிலோவாட், 1,340 கிலோ என்றால் ஏறத்தாழ 93, கவலையில்லை. 200 கிலோவாட், 1,400 கிலோ என்றால் 143 பக்கம் போய்விடும். இந்த முறை 2014 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினும் டர்போவும் பொதுவாகவே தடை. அதனால் “டர்போ என்றாலே கூடாது” என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. சின்ன டர்போ கார்கள் பல இப்போது ஓட்டலாம். ஆனால் சக்தியைக் கூட்ட இன்ஜினில் மாற்றம் செய்த கார் கூடாது. மின்சாரக் கார்கள் சத்தமில்லாமல் இந்த எல்லையைத் தாண்டக்கூடியவை, பார்த்து வாங்குங்கள். மாநிலப் போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் ஃபார் என்எஸ்டபிள்யூவின் தளத்தில் காரின் மாடலையும் வருடத்தையும் போட்டுத் தேடலாம். பணம் கொடுப்பதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். விற்பவர் வாய்வார்த்தையை நம்பவேண்டாம்.

கூடவே இன்னொன்று. வழுக்கும்போது காரை நிலைநிறுத்தும் ஈஎஸ்சி வசதி 2013 நவம்பருக்குப் பிறகு விற்ற புதுப் பயணிகள் கார்களில் கட்டாயம். அதற்கு முந்தைய கார் ஆயிரம் டாலர் குறைவாகக் கிடைத்தாலும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதை நான் வாங்கமாட்டேன்.

முதல் கட்டமான சிவப்பு பி குறைந்தது ஒரு வருடம், அடுத்து வரும் பச்சை பி இரண்டு வருடம். சிவப்பில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், பச்சையில் 100, பலகையில் 110 என்று இருந்தாலும் சரி. மது ஒரு துளிகூடக் கூடாது. சிவப்புக்கு 4 டிமெரிட் பாயிண்ட் (தவறுக்கான தண்டனைப் புள்ளி), பச்சைக்கு 7, அவ்வளவுதான் கையிருப்பு. தடைசெய்த காரை ஓட்டினால் ஒரே தடவையில் 7 போகும், அதாவது லைசென்ஸ் போகும். சிவப்பு பி-யில் எவ்வளவு குறைந்த அளவு வேகம் மீறினாலும் 4 பாயிண்ட் போய்விடும். போனைக் கையில் எடுக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் பொது. ஆனால் எல் (ஓட்டப் பழகுபவர்), பி பிளேட்காரர்கள் ஹேண்ட்ஸ்ஃப்ரீயிலும் பேசக்கூடாது, போனில் மேப் பார்க்கவும் கூடாது. போன் பயன்படுத்துவதைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள் சாலை மேலே இருக்கின்றன. அதற்கு 5 பாயிண்ட், நீண்ட வார விடுமுறைகளில் இரட்டிப்பு.

இரவு விதி முக்கியமானது. சிவப்பு பி-யில் உள்ள 25 வயதுக்குட்பட்டவர் இரவு 11 முதல் காலை 5 வரை, 21 வயதுக்குக் கீழே ஒருவரை மட்டுமே ஏற்றலாம். 2007-இல் கொண்டுவந்தார்கள். நண்பர்கள் காரில் நிறைந்தால் கவனம் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். பிறந்தநாள் விழா 11:20-க்கு முடிந்தால் மகன் எனக்கு போன் பண்ணுவான். அவன் ஒருவனை ஏற்றிக்கொள்வான், மிச்சம் இரண்டு பேரை நான் போய் அழைத்து வருவேன். அரைத் தூக்கத்தில் எழுந்துபோவது எனக்கு ஒரு கஷ்டமே இல்லை. விக்டோரியாவில் வேறு மாதிரி: சிவப்பு பி-யில் எந்த நேரமும் 16 முதல் 21 வயதுக்குள் ஒருவர்தான், பி-யே 18 வயதில்தான். மெல்பர்னில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னதை இங்கே பின்பற்றாதீர்கள்.

புதிதாக வந்த பெற்றோர் பலருக்குத் தெரியாத சங்கதி: எல் பிளேட் பிள்ளையின் பக்கத்தில் உட்கார, முழு ஆஸ்திரேலிய லைசென்ஸ் வேண்டும். தமிழ்நாடு, இலங்கை லைசென்ஸை வைத்து நீங்களே ஓட்டிக்கொண்டிருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க முடியாது. அதனால் முதலில் அப்பாவோ அம்மாவோ கோட்பாட்டுத் தேர்வு எழுதி, டிரைவிங் டெஸ்டிலும் பாஸாகி உள்ளூர் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். ஊரில் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாத இளைஞர்களுக்கு இங்கே பி-தான் கிடைக்கும், ஒரு வருடம்கூட ஆகாதிருந்தால் சிவப்பு. அவர்களுக்கும் மேலே சொன்ன கார்க் கட்டுப்பாடு உண்டு.

எல் பிளேட் பிள்ளை ஓட்டிப் பழகிய நேரத்தைக் குறிக்கும் லாக் புக்கில் 120 மணி நேரம் வேண்டும், அதில் 20 இரவு. கட்டணப் பயிற்சியாளரோடு ஓட்டும் ஒரு மணி நேரத்தை மூன்று மணி நேரமாக எழுதலாம், அதுவும் முதல் 10 மணி நேரத்துக்கு மட்டும். மீதியை நாம் கூட இருந்து ஓட்டவேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தது ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயில் பயணம்தான். நெடுஞ்சாலையும் வரும், குறுகிய வளைவுகளும் வரும். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மாலையில் கிளம்பினால், திரும்பி வரும் வழி முழுவதும் இரவுக் கணக்கில் எழுதலாம்.