ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் முன்: பெங்களூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பெங்களூர் வந்தால், இரண்டாம் நாளே யாராவது கேட்டுவிடுவார்கள்: "ஒகேனக்கல் போகலாமா?" போகலாம். விடியற்காலையில் கிளம்பினால் ஓசூர் வழியாகப் போய் அன்றே திரும்பிவிடலாம். ஆனால் ஊட்டி ஏரியிலோ ஏற்காட்டிலோ பெடல் படகு மிதித்த தைரியத்தோடு காவிரிக்குப் போகாதீர்கள்.

பெரிய தவறு, வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான். பெங்களூரில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஒகேனக்கல்லிலும் ஒரு துளி மழை இருக்காது. ஆனால் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டினால் கர்நாடகாவில் இருக்கும் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்), கபினி அணைகள் நிரம்பி, திறந்துவிடும் தண்ணீர் இங்கேதான் வந்து சேரும். 2024 ஜூலை கடைசியில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்கும் மேல்; கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கிளம்பும் முன்பு, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து எவ்வளவு, பரிசலுக்குத் தடை இருக்கிறதா என்று செய்தியில் பாருங்கள். தடை என்றால் தடைதான். "அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போறேன்" என்று யார் அழைத்தாலும் ஏறாதீர்கள்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு பக்கிளைத் திறந்தே விட்டிருப்பார்கள். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் ஒரு பக்கம் மிதக்கும், ஆள் ஒரு பக்கம் போவார். குழந்தைக்குப் போட்டதும் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிய அளவு. நான் அப்படித் தூக்கியபோது என் அக்கா மகனின் முகமே உள்ளே மறைந்துபோனது. சின்னது கிடைக்கும்வரை காத்திருந்தோம். நேரம் போனால் போகட்டும்.

பரிசல் வட்டமானது. அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு பரிசல்காரர் அதை நேராகக் கொண்டுபோவதே பெரிய வித்தை. உள்ளே இருப்பவர்களின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால்தான் அது நிற்கும். செல்ஃபிக்காக ஒருவர் எழுந்தாலோ, அருவி தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தாலோ விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிடும். "அண்ணே, இன்னும் கிட்டப் போங்க", "இன்னும் ஒரே ஒருத்தர்தானே" என்று அவரை நச்சரிக்கவும் வேண்டாம்.

ஒகேனக்கல்லில் பிரபலமான எண்ணெய் மசாஜை பரிசல் சவாரி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் காலோடு பாறையில் நின்றால் வழுக்கும். குடித்திருந்தால் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது.

ஒருவேளை பரிசல் கவிழ்ந்தால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை நழுவிவிட்டால் மல்லாந்து படுத்து, நீர் போகும் திசையில் காலை நீட்டி மிதந்தபடியே கரைப்பக்கம் ஒதுங்கப் பாருங்கள். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் நீரின் வேகம் ஆளையே அமுக்கிவிடும். இதை வண்டியிலேயே, போகும் வழியில், பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.