குச்சியாக நிற்கும் செடியைப் பிடுங்காதீர்கள்

இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும் செடியைப் பார்த்ததும் 'போச்சு' என்று பிடுங்கி எறிந்துவிடுகிறோம். எனக்கு மனசு ஆறாத தவறு இதுதான். குளிரையோ வறட்சியையோ தாண்டுவதற்காக இலையை உதிர்த்து உறங்கும் செடிகள் ஏராளம். உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகம் போதும். பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமுமாக இருந்தால் செடி பிழைத்திருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். நுனி பட்டுப்போய் அடித்தண்டு பச்சையாக இருப்பது சகஜம். அடிவரை காய்ந்திருந்தாலும் வேரிலிருந்து துளிர்க்கும் வகைகள் உண்டு. அதனால் ஒரு பருவமாவது பொறுங்கள்.

பாவம் பார்த்துத் தண்ணீரை ஊற்றுவது அடுத்த தவறு. இலை இல்லாத செடி மிகக் கொஞ்சமே நீர் குடிக்கும். மிச்சம் மண்ணிலேயே தேங்க, காற்று கிடைக்காமல் வேர் அழுகிவிடும். உரமும் துளிர் தெரிந்த பிறகு போதும்.

விதைக்கு வருவோம். நல்ல விதை முளைக்காவிட்டால் உடனே அதைச் சொத்தை என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு ராத்திரி ஊறவைத்துப் பாருங்கள். சில விதைகள் உப்பியிருக்கும், சில கல் மாதிரி அப்படியே கிடக்கும். அப்படிக் கிடப்பவற்றின் தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை. முளை வரும் முனையை விட்டுவிட்டு, வேறொரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். ஆப்பிள் விதைக்குத் தேவை வேறு: இரண்டு மூன்று மாதம் ஈரமான குளிர்ச்சியில் இருந்தால்தான் அதன் உறக்கம் கலையும். லெட்யூஸ் கீரை விதை பலவற்றுக்கு வெளிச்சம் வேண்டும், ஆழமாகப் புதைத்தால் வராது.

விதையின் பொறுமைக்கு அளவே இல்லை. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் அகழ்ந்தெடுத்த, சுமார் 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சை விதை ஒன்று 2005-இல் முளைத்தது. அத்தனை காலம் அதைக் காத்ததில் அங்குள்ள வறட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. சேமிக்கும் விதையில் ஈரம் பட விடாதீர்கள்.

ஆனால் வேர்முனை எட்டிப் பார்த்த பிறகு கதை மாறிவிடும். உலர்வைத் தாங்கும் சக்தியை அப்போது விதை இழந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஒருநாள் முழுக்கக் காய்ந்தாலே பல விதைகள் செத்துப்போகும். அதனால் மண்ணின் மேல்பரப்பை விரலால் தினமும் தொட்டுப் பாருங்கள். முதல் இலைகள் விரியும்வரை ஈரம் விட்டுப்போகக் கூடாது.